கொண்டச்சிக் கடலும் பச்சைத் திரையும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, இலங்கையின் மேற்குக் கரையில், அரிப்பு, சிலாவத்துறை ஆகிய ஊர்களை அடுத்து அமைந்தது கொண்டச்சிக் குடா. இன்று அங்கே செல்வோர் காண்பது நீண்ட மணற்பரப்பும், அமைதியான கடலும், கரையில் இழுத்து விடப்பட்ட சில படகுகளுமே. ஆனால் ஒரு காலத்தில் இந்த மணல்வெளியில், ஆண்டின் சில வாரங்களுக்கு மட்டும், ஒரு பெருநகரமே தோன்றி மறைந்தது. முத்துக்குளிப்புக் காலம் வந்ததும் கீழக்கரை, தூத்துக்குடி முதலிய ஊர்களிலிருந்து குளிகாரர் வந்தனர். பல நாட்டு வணிகர் வந்து கூடினர். ஓலைக் கொட்டில்கள் வரிசை வரிசையாக எழுந்தன. 1803-இல் வெளிவந்த இராபர்ட் பெர்சிவலின் நூலும், 1807-இல் வெளிவந்த ஜேம்ஸ் கோர்டினரின் நூலும் அந்தக் காட்சியை விரித்துரைக்கின்றன. முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்கென்று ஆங்கிலத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் அரிப்பில் கட்டுவித்த மாளிகை, இன்று கடலரிப்பினால் சிதைந்து, சில செங்கற் சுவர்களாக மட்டும் நிற்கின்றது.

1905-ஆம் ஆண்டில் மிகப் பெரிய குளிப்பு ஒன்று நடந்தது. 1925-ஆம் ஆண்டுக்குப் பின்னர் பழைய முறையிலான பெருங்குளிப்பு அங்கு நடைபெறவில்லை. எனவே, அதனைக் கண்ணால் கண்டவர் இன்று இல்லை. கண்டவர் சொல்லக் கேட்ட முதியவர் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்களிலும் பலர் தம் வாழ்நாளின் நல்ல பகுதியை ஊருக்கு வெளியே கழிக்க நேர்ந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார் மாவட்டத்து முஸ்லிம் ஊர்கள் வெறிச்சோடின. புத்தளம் முதலிய இடங்களில் பல ஆண்டுகள் வாழ்ந்த பின்னரே பலர் திரும்பினர், திரும்பாதோரும் உளர். அவ்வூர்களின் பிள்ளைகளுள் எத்தனையோ பேர் தம் பாட்டன் பாட்டியரின் கடற்கரையைக் கதையாகவே கேட்டு வளர்ந்தவர்கள்.

இத்தகைய ஓர் இளைஞர் குழு, கையிலுள்ள கைபேசிக் கமராவைக் கொண்டு, பழைய முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு சிறு காணொளி எடுக்க விழைகிறது எனக் கொள்ளலாம். நூறு தோணிகளைக் கட்டக் காசு இல்லை. ஆயிரம் பேரை வேடம் புனைந்து நிறுத்த வழியில்லை. ஆயின், ஒரு பச்சைத் துணியும் சில விளக்குகளும் இருந்தால், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நிற்கும் மாணவனைக் கொண்டச்சிக் கரையில் நிற்பவனாகக் காட்ட இயலும். இதுவே பச்சைத் திரை முறை எனப்படுவது. இம்முறை எவ்வாறு செயற்படுகிறது, அதில் பலரும் தவறுவது எவ்விடத்தில், அதனைச் செம்மையாகச் செய்வது எவ்வாறு என்பவற்றை அறிந்துகொள்வது பயன் தரும்.

முதலில், ஏன் பச்சை என்ற வினா எழுவது இயல்பு. ஒருவரது உருவத்தை அவர் நிற்கும் இடத்திலிருந்து பிரித்தெடுத்து வேறோர் இடத்தில் பொருத்தும் கலை சினிமாவின் தொடக்க நாட்களிலேயே தோன்றிவிட்டது. அமெரிக்கரான பிராங்க் வில்லியம்ஸ் என்பவர் கருந்திரையைப் பயன்படுத்தும் முறைக்கு 1918-இல் காப்புரிமை பெற்றார். 1940-இல் வெளியான ‘பக்தாத் திருடன்’ என்னும் ஆங்கிலப் படத்தில் லோரன்ஸ் பட்லர் நீலத் திரையைக் கையாண்டு பெரும் பரிசு பெற்றார். பின்னர் பெட்ரோ விளாகோஸ் என்பவர், 1959-இல் வெளியான ‘பென்ஹர்’ படத்திற்காக அம்முறையை மேலும் நுணுக்கமாக்கினார். படச்சுருளின் காலத்தில் நீலமே ஆட்சி செலுத்தியது. மின்னணுக் கமரா வந்த பிறகே பச்சை முன்னிடம் பெற்றது.

அதற்குக் காரணம் கமராவின் உள்ளே இருக்கிறது. கமராவில் ஒளியை உணரும் தகட்டின்மேல் செம்மை, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் நுண்கண்கள் கட்டம் கட்டமாக அமைந்துள்ளன. கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவரின் பெயரால் வழங்கும் இந்த அமைப்புக்கு 1976-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. இதில் நான்கு கட்டங்களுக்கு இரண்டு பச்சை, ஒன்று செம்மை, ஒன்று நீலம் என்பது கணக்கு. பச்சைக்கு இருமடங்கு கண்கள் இருப்பதனால், பச்சையைக் கமரா மிகத் தெளிவாகக் காண்கிறது. மனிதரின் தோலிலோ, அது மாநிறமாயினும் கருநிறமாயினும் வெண்ணிறமாயினும், செம்மைக் கூறே மிகுதி. ஆகவே, ‘பச்சையாய் உள்ளதை எல்லாம் நீக்கு’ என்று கணினிக்குக் கட்டளையிட்டால், துணி மறையும், மனிதர் நிலைப்பர். மறைந்த இடத்தில் கடலையும் தோணியையும் வைக்கலாம். நடிப்பவர் பச்சைச் சேலையோ பச்சைச் சாரமோ உடுத்தியிருந்தால் அதுவும் சேர்ந்தே மறைந்துவிடும். அப்போது நீலத் துணியைத் திரையாக்க வேண்டும்.

இது எளிய தத்துவம். இருந்தும், முதன்முறை முயல்வோருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏமாற்றமே. தலைமயிரைச் சுற்றிப் பச்சைக் கோடு படர்ந்திருக்கும். தோள்கள் அரிபட்டதுபோல் தோன்றும். துணியின் ஒரு மூலை மறையாமல் அழுக்குப்போல் ஒட்டியிருக்கும். உடனே அவர்கள் கமராவையோ கணினியையோ குறை கூறுவர். உண்மையில் குறை பெரும்பாலும் ஒளியிலேதான் இருக்கும். கணினி நிறத்தைத் தேடுகிறது. ஒளி ஒரே சீராக இல்லையெனில், ஒரே துணி அதற்குப் பத்து நிறங்களாகத் தோன்றும்.

துணியிலிருந்தே தொடங்கலாம். பட்டுப்போல் மின்னும் துணி ஆகாது. ஒளியைத் திருப்பி எறியாத, சற்றுத் தடித்த பருத்தித் துணியே ஏற்றது. இடுப்பளவில் ஒருவரைக் காட்டுவதற்கு ஒன்பது அடி அகலமும் ஆறு அடி உயரமும் கொண்ட துணி போதும். கால்வரை காட்டவேண்டுமாயின் துணி தரையிலும் விரிய வேண்டும். அது தொல்லை மிகுந்தது. தொடங்குவோர் இடுப்பளவோடு நிறுத்திக்கொள்வது நன்று. துணியில் ஒரு சுருக்கமும் இருத்தலாகாது, ஏனெனில் ஒவ்வொரு சுருக்கமும் ஒரு நிழல். ஒவ்வொரு நிழலும் வேறொரு பச்சை. எனவே முதல் நாளே இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, மடிக்காமல் ஒரு கழியில் சுருட்டி வைத்து, மறுநாள் இரு தூண்களுக்கிடையே கட்டிய கயிற்றில் இழுத்துப் பிடித்து, நாற்புறமும் கௌவிகளால் இறுக்க வேண்டும்.

அடுத்தது விளக்கு. இங்கே நினைவிற் கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு: துணிக்கு ஒளி வேறு, மனிதருக்கு ஒளி வேறு. ஒரே விளக்கினால் இரண்டையும் முடிக்க முயல்வதே தவறுகளின் தாய். துணிக்கென இரண்டு விளக்குகளை வலமும் இடமுமாகச் சாய்வில் நிறுத்த வேண்டும். அவை துணிக்கு மிக அண்மையில் இருத்தலாகாது. ஒரு சிறு விளக்கின் ஒளி, தூரம் இருமடங்காகும்போது நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது இயற்பியல் விதி. விளக்கு மூன்றடியில் இருந்தால், அதற்கு நேரே உள்ள இடம் பளிச்சிடும். ஆறடி தள்ளியுள்ள இடம் இருண்டுபோகும். விளக்கைப் பின்னுக்கு இழுத்தால் இந்த வேற்றுமை சுருங்கி, ஒளி சமனாகப் பரவும். விளக்கின் முன்னே ஒரு வெள்ளை வேட்டித் துணியைச் சற்று இடைவெளிவிட்டுத் தொங்கவிடுவது ஒளியை மென்மையாக்கும். சூடேறும் பழைய விளக்குகளாயின் துணி தீப்பற்றாதிருக்கப் போதிய தூரம் வேண்டும், எல்.ஈ.டி. விளக்குகளில் அந்த அச்சம் குறைவு.

ஒளி சமனாக விழுந்ததா என்பதைச் சோதிக்கக் கருவி இல்லாதவர்களும் கண்களைச் சற்றுச் சுருக்கித் துணியைப் பார்க்கலாம். மேடும் பள்ளமும்போல் ஒளி வேற்றுமை தென்படும். அல்லது கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கி, நான்கு மூலைகளையும் நடுவையும் ஒப்பிடலாம். துணி மிகப் பிரகாசமாக இருக்கவேண்டும் என்பது பொதுவான ஒரு தவறான எண்ணம். அளவு மீறிய ஒளியில் பச்சை வெளுத்துப்போகும். வெளுத்த பச்சையைக் கணினி பச்சையென்று ஏற்பதில்லை. அன்றியும், அந்த மிகுந்த பச்சை நடிப்பவரின் கன்னத்திலும் காதிலும் படியும். கருநிற முகங்களைப் படமெடுக்கும்போது இது இன்னும் கவனத்திற்குரியது. முகத்துக்கு ஏற்றவாறு கமராவின் ஒளியளவைத் திறந்தவுடன் பின்னால் துணி வெளுத்துவிடும். அப்போது முகத்துக்கு ஒளி கூட்டி, துணிக்கு ஒளி குறைத்தல் வேண்டும். துணியின் ஒளி முகத்தின் ஒளிக்குச் சமமாகவோ சற்றுத் தாழ்ந்தோ இருப்பது நலம்.

நடிப்பவர் துணியிலிருந்து குறைந்தது ஆறடியேனும் முன்னால் நிற்க வேண்டும். இடைவெளி கூடினால் அவரது நிழல் துணியில் விழாது. துணியின் பச்சை அவர்மேல் படியாது. மண்டபம் சிறியதாயின் துணியை இன்னும் சிறிதாக்கலாமே அன்றி, இந்த இடைவெளியைக் குறைத்தலாகாது.

கமராவைப் பொறுத்தவரை, தானாக மாறும் அமைப்புகள் யாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். கைபேசிக் கமரா கணந்தோறும் ஒளியையும் நிறத்தையும் தானே திருத்திக்கொள்ளும் இயல்புடையது. நடிப்பவர் கையைத் தூக்கியவுடன் அது துணியின் நிறத்தையே மாற்றிவிடும். இலங்கையிலும் இந்தியாவிலும் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அதனால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கமராவின் திறப்பு நேரத்தை ஐம்பதில் ஒரு நொடியாகவோ நூறில் ஒரு நொடியாகவோ வைத்தால் இந்தத் துடிப்புப் படத்தில் தெரியாது. கை கால்களின் வேகமான அசைவு உள்ள காட்சிக்கு நூறில் ஒரு நொடியே ஏற்றது. மங்கலான விளிம்பைக் கணினியால் செவ்வனே வெட்ட முடியாது. மேலும், பெரும்பாலான கமராக்கள் இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறக்குறிப்பையே சேமிக்கின்றன. தோள்கள் அரிபட்டதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். இயன்றவரை பெரிய அளவில் படமெடுத்து, பின்னர் சிறிதாக்கினால் இக்குறை பெரிதும் தணியும்.

வெளியிலே, பகலொளியில் எடுக்கலாகாதா என்று கேட்போர் உண்டு. எடுக்கலாம். மெல்லிய மேகம் மூடிய வானம் எந்த விளக்கையும்விடச் சமனான ஒளியைத் தரும். ஒரு கட்டடத்தின் நிழற்பக்கமும் நன்றே. ஆனால் மன்னார்க் கரையோரத்தில் காற்று ஒரு பெரும் பகை. தென்மேல் பருவக் காற்று வீசும் மாதங்களில் கரையில் கட்டிய துணி பாய்போல் புடைக்கும். புடைத்த துணியில் நிழல் அலையும். விடியலை அடுத்து வரும் அமைதியான வேளையில், காற்றை மறைக்கும் சுவர் ஒன்றின் பக்கத்தில் முயல்வதே அறிவுடைமை.

இவ்வளவும் செய்து முடித்தால் பச்சை ஒழுங்காக மறையும். ஆயினும், பாதி வேலையே முடிந்தது. பச்சை மறைந்த இடத்தில் கடலை வைத்த பின்னரும், காண்போர் ‘ஏதோ பொருந்தவில்லை’ என்று உணர்வதுண்டு. அது ஏன் என்பதைத் தமிழ் இலக்கணமே தெளிவாகக் காட்டிவிடுகிறது. தொல்காப்பியம் ஒரு பாடலுக்கு முதற்பொருள் எனக் கூறுவது நிலமும் பொழுதும் ஆகிய இரண்டையும். நிலம் மட்டும் போதாது. பொழுதும் சேர்ந்தாலன்றிக் காட்சி நிறைவு பெறாது. பச்சைத் திரை நிலத்தை மட்டுமே மாற்றித் தருகிறது. பொழுதை விளக்குத்தான் தரவேண்டும்.

கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது பகலவன் சாயும் வேளை, என்பர் உரையாசிரியர் பலர். கொண்டச்சியில் இது வெறும் இலக்கண மரபன்று, அன்றாட உண்மையுமாகும். முத்துக்குளிப்புக் காலத்தில் இரவிலே வேட்டொலி எழும்; நிலத்திலிருந்து வீசும் காற்றைப் பாயில் ஏற்றுத் தோணிகள் மேற்கு நோக்கிப் புறப்படும். காலையில் முத்துப்பார்களின்மேல் குளிப்புத் தொடங்கும். குளிகாரர் கல்லைக் காலிற் கொண்டு, கயிற்றைப் பற்றி இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடம் நீருள் தங்கிச் சிப்பிகளை அள்ளுவர். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டிகள் மந்திரம் ஓதியபடி இருப்பர். நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழும். அதன் துணையால் தோணிகள் கரை திரும்பும்.

இந்த வரலாற்றிலிருந்தே விளக்கின் இடம் தீர்மானமாகிறது. தோணிகள் கரை திரும்பும் காட்சியில், கரையில் ஒரு வணிகர் கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறார் எனக் கொள்வோம். கமரா மேற்கு நோக்குகிறது. பிற்பகல் வெயிலும் மேற்கிலிருந்தே வருகிறது. ஆகவே, வலிய விளக்கு அவருக்குப் பின்னால், உயரத்தில், ஒரு பக்கமாக இருக்க வேண்டும். அது தலைமயிரிலும் தோளிலும் ஒளிவிளிம்பு தீட்டும். முகத்துக்கு விழுவது வெண்மணலில் பட்டுத் திரும்பும் மெல்லொளியே. மண்டபத்தில் அந்த மணலின் வேலையை ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகை செய்துவிடும். அதனைக் கமராவின் கீழே, தாழ்வாகச் சாய்த்து வைத்தால் போதும். இதற்கு மாறாக, முகத்துக்கு நேரே ஒரு விளக்கைப் பளிச்சென எரியவிட்டால், வணிகரின் முகத்தில் ஒரு சூரியனும் அவர் பின்னால் கடலில் மற்றொரு சூரியனுமாக, இரண்டு பகலவன் தோன்றிவிடும்.

குளிப்புக் காட்சியோ காலை வேளைக்குரியது. தோணியில் இருப்போரைக் கமரா மேற்கு நோக்கிக் காணுமாயின், கரைப்பக்கத்து வெயில் அவர்கள் முகத்தில் நேரே விழும். அப்போது விளக்கு கமராவின் பின்னால் இருப்பதே பொருத்தம். காட்சி எழுதும்போதே ‘எத்திசை, எவ்வேளை’ என்று ஒவ்வொன்றின் அருகிலும் குறித்துக்கொள்வது பெருந்தொல்லையைத் தவிர்க்கும்.

கடலைப் பின்னணியாக வைப்போர் அறியவேண்டிய இன்னொரு நுட்பம் உண்டு. தொடுவானக் கோடு எப்போதும் கமராவின் உயரத்திலேயே அமையும். கரையில் நின்று நாலரை அடி உயரத்தில் கடலைப் படமெடுத்தால், அதே தரையில் நிற்பவர் எவரையும் தொடுவானம் நாலரை அடி உயரத்திலேயே வெட்டிச் செல்லும். எனவே மண்டபத்திலும் கமரா நாலரை அடியில் நிற்க வேண்டும். பொருத்தும்போது தொடுவானத்தை நடிப்பவரின் மார்பளவில் வைக்க வேண்டும். இதனைத் தவறவிட்டால் மனிதர் பூதம்போல் உயர்ந்தோ, பள்ளத்தில் நிற்பவர்போல் தாழ்ந்தோ தோன்றுவர்.

முத்தைப் பற்றிய கதைக்கு முத்தே ஓர் இடர் விளைவிக்கும் என்பது வியப்பான உண்மை. முத்தின் மேற்பரப்பு தன்னைச் சூழ்ந்த ஒளியைத் தன்மேல் வாங்கிக் காட்டும் இயல்புடையது. பச்சைத் திரையின் முன்னே பிடித்த முத்தில் பச்சை ஏறும். பச்சையை நீக்கினால் முத்தில் ஓட்டை விழும். ஈரம் சொட்டும் தோலுக்கும், உருக்குக் கத்திக்கும், கண்ணாடிக்கும் இதே நிலைதான். மெல்லிய நூல் வலையோ விளிம்பு விளிம்பாக மறைந்துபோகும். இத்தகைய பொருள்களைத் திரையின் முன் எடுக்காமல், உண்மையான கடற்கரையில், உண்மையான வெயிலில், உள்ளங்கையில் வைத்துத் தனியே படமெடுத்து இடையிடையே சேர்ப்பதே சிறந்த வழி.

இறுதியாக, கருவியைவிடப் பெரிய பொருள் ஒன்றையும் கருத வேண்டும். 1863-இல் பாரிஸ் நகரில் ‘முத்துக் குளிப்போர்’ என்னும் இசைநாடகம் அரங்கேறியது. இசையமைத்தவர் பீசே. கதை இலங்கைக் கடற்கரையில் நிகழ்வதாக அமைந்தது. அவரோ இலங்கையைக் கண்டவரல்லர். கதையை எழுதியவர்கள் முதலில் மெக்சிகோ நாட்டுக் கரையையே எண்ணியிருந்தனர். பின்னர் அதனை இலங்கையாக மாற்றினர். பின்னணித் திரையை மாற்றினால் நாடும் மாறிவிடும் என்ற அந்த எண்ணம் அரங்கிற்குப் பொருந்தலாம். தம் ஊரின் கதையைத் தாமே சொல்லப் புகுவோருக்கு அது பொருந்தாது. இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு வெப்பநாட்டுக் கடற்கரையை எடுத்து ஒட்டினால், கொண்டச்சி அங்கே இராது. ஒரு நாள் முயன்று, உரிய வேளையில் அக்கரைக்கே சென்று எடுத்த படம் எளிதாயினும் மதிப்புடையது.

புத்தளத்தில் ஒரு சிறு வீட்டில் அமர்ந்து, தம் தந்தையார் சொன்ன முத்துக்குளிப்பை நினைவுகூரும் ஒரு முதியவரின் பின்னால், அவர் விட்டுப் பிரிந்த கொண்டச்சிக் கரையை வைத்துக் காட்டலாம். அது காண்போர் நெஞ்சைத் தொடும். ஆனால் அவர் அங்கு நின்று பேசியதாக நாளைய தலைமுறை எண்ணிவிடக் கூடாது; ஊரை விட்டுத் தொலைவில் இருந்து பேசினார் என்பதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதியன்றோ? படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ ‘பின்னணி பொருத்தப்பட்டது’ என ஒரு வரியும், பின்னணி எடுக்கப்பட்ட இடமும் நாளும் சேர்த்தால் போதும். அந்த ஒரு வரியால் படத்தின் அழகு குறையாது, நம்பகம் கூடும்.

பச்சைத் துணி, நான்கு விளக்குகள், ஒரு வெள்ளைப் பலகை, ஒரு கைபேசி: கருவிகள் இவ்வளவே. சுருக்கமின்றி இழுத்துக் கட்டிய துணி, அதற்கெனத் தனியே சமனாகப் பரவிய ஒளி, ஆறடி இடைவெளி, மாறாத கமரா, பகலவன் நிற்கும் திசையில் நிற்கும் விளக்கு ஆகியவற்றில் கவனம் வைத்தால், பள்ளி மண்டபம் ஒன்றில் எற்பாட்டு வேளை இறங்கும். கடற்காற்றில் பாய் விரித்த தோணிகள் கொண்டச்சிக் கரையை நோக்கித் திரும்பி வரும்.